ஓர்க்காக்களை ஆட்டுவிப்பதைக் கல்வி என்று சொல்லாதீர்கள்: கடல் விலங்குப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் பூங்காவில் ஓர்க்கா எனப்படும் கொலையாளித் திமிங்கிலங்களின் காட்சிக்கென்று புதிய அரங்கம் கட்டப்போவதாகவும், தொட்டியில் இருக்கும் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்சிகளைத் தொடரப்போவதாகவும், அடுத்த கல்வியாண்டிலிருந்து அதே காட்சியைப் பள்ளி மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் ‘கடல் கல்வித் திட்டம்’ என்ற பெயரில் வழங்கப்போவதாகவும் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்களை அழைத்துக்கொண்டு உங்கள் காட்சிக்கு வந்திருக்கிறேன். அங்கே அவர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் எவை பிழை என்று சுட்டிக்காட்டி உங்கள் கல்விப் பிரிவுக்கு எழுதினேன். பதிலாக வந்தது கட்டண விவரம் அடங்கிய விளம்பரக் கையேடு மட்டுமே. ஆகவே இதைப் பொதுவில் எழுதவேண்டியதாயிற்று.

காட்சி தொடங்குமுன் எங்கள் மாணவர்களைத் தொட்டியின் கண்ணாடிச் சுவரருகே நிற்கவைத்தார்கள். ஆண் ஓர்க்கா கடந்து சென்றபோது அதன் முதுகுத் துடுப்பு அடியிலிருந்தே மடிந்து ஒரு பக்கமாகத் தொங்குவதைக் கவனித்த மாணவி ஒருத்தி, அது ஏன் என்று கேட்டாள். “வயதானால் எல்லா ஆண் ஓர்க்காவுக்கும் இப்படித்தான் ஆகும்” என்று உங்கள் ஊழியர் பதில் சொன்னார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. கையில் கொடுத்ததைத்தான் அவர் ஒப்பித்தார். ஆனால் அந்தப் பதில் உண்மையன்று. முழு வளர்ச்சி பெற்ற ஆணின் துடுப்பு 1.8 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. அதற்குள் எலும்பு கிடையாது, இணைப்புத் திசுதான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. கடலில் நேரத்தின் பெரும்பகுதியை நீருக்குள் கழித்து நெடுந்தொலைவு நீந்தும் விலங்கின் துடுப்பைச் சுற்றியுள்ள நீரே தாங்கிக்கொள்கிறது. ஆழம் குறைந்த தொட்டியில் மணிக்கணக்காக நீர்ப்பரப்பிலேயே மிதந்துகொண்டும் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டும் இருக்கும் விலங்குக்கு அந்தத் தாங்கல் கிடைப்பதில்லை. துடுப்பு தன் எடையாலேயே சரிந்துவிடுகிறது என்பதே ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். காயத்தாலும் நோயாலும் கடலிலும் சில ஆண்களின் துடுப்பு வளைவதுண்டு என்றாலும், முழுவதுமாகச் சரிந்த துடுப்பு அங்கே அரிது. தொட்டிகளிலோ, வளர்ந்த ஆண்களில் நிமிர்ந்த துடுப்பைப் பார்ப்பதுதான் அரிது. நல்ல கண்ணுள்ள ஒரு மாணவி நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டாள். அதற்குத் தவறான விடையை எழுதிக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

காட்சி முடிந்தபின் நடந்தது இதைவிட என்னை உறுத்தியது. பயிற்சியாளர் ஒருவர் பெண் ஓர்க்காவைத் தொட்டி விளிம்பில் வாயைத் திறந்தபடி நிற்கவைத்து, மெல்லிய குழாயொன்றால் அதன் கீழ்த்தாடைப் பற்களுக்குள் நீரைப் பீய்ச்சினார். நாம் தினமும் பல் துலக்குவதைப் போன்றதுதான் இது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பற்கள் நன்றாகவே தெரிந்தன. முன்பக்கப் பற்களில் பல ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. சிலவற்றின் நடுவே கறுத்த துளை இருந்தது. அதே விளிம்பில், ஓர்க்கா வாய் வைக்கும் உயரத்தில், நீல வண்ணப்பூச்சு உரிந்து கான்கிரீட் வெளியே தெரிந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க உயிரியல் பட்டம் தேவையில்லை. வேறெதுவும் செய்ய வழியில்லாத விலங்கு கான்கிரீட்டையும் இரும்புக் கதவுகளையும் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்கிறது. பல்லுக்குள் இருக்கும் மென்மையான கூழ்ப்பகுதி வெளியே தெரிய ஆரம்பித்ததும் பல்லைத் துளையிட்டு அதை அகற்றுகிறார்கள். மனிதருக்குச் செய்வதுபோல அந்தத் துளையை அடைப்பதில்லை. உணவுத் துணுக்கு சிக்கிச் சீழ் பிடிக்காமலிருக்கத்தான் நாள்தோறும் நீர் பீய்ச்சிக் கழுவவேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் வைக்கப்பட்டிருந்த 29 ஓர்க்காக்களின் பற்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, பற்சேதம் இல்லாத ஓர்க்கா அவற்றில் ஒன்றுகூட இல்லை என்றது. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் பற்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை துளையிடப்பட்டிருந்தன. காலமெல்லாம் திறந்தே கிடக்கப்போகிற ஒரு புண்ணுக்குச் செய்யும் பராமரிப்பைக் காட்டி, பல் துலக்குவதாகச் சொல்லிக் குழந்தைகளிடம் கைதட்டல் வாங்குவதை எந்த வகைக் கல்வியில் சேர்ப்பது?

உங்கள் அறிவிப்பில் புதிய அரங்கின் இருக்கைகள் எத்தனை என்று இருக்கிறது. ஒளியமைப்பு, திரை, உணவகம் எல்லாம் விவரிக்கப்பட்டிருக்கின்றன. தொட்டியின் ஆழம் மட்டும் எங்கும் இல்லை. ஓர்க்காக்களை நெடுங்காலமாகக் காட்சிக்கு வைத்திருக்கும் அமெரிக்காவின் விதிமுறைகள் ஓர்க்காத் தொட்டிக்குக் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 48 அடி, குறைந்தபட்ச ஆழம் 12 அடி. வளர்ந்த ஆண் ஓர்க்காவின் நீளமே 20 அடிக்கு மேல். அது செங்குத்தாக நின்றால் தலையோ வாலோ நீருக்கு வெளியேதான் இருக்கும். கடலில் ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தக்கூடிய, இரைதேடி நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கக்கூடிய விலங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டம் கேட்கும் அளவைவிட உங்கள் தொட்டி பெரியது என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு பெரியதாகவே இருக்கட்டும். அதன் ஒரு நாள் வாழ்க்கைக்கு முன் அது எம்மாத்திரம்?

இடத்தைவிடப் பெரிய இழப்பு குடும்பம். பசிபிக் பெருங்கடலின் வடமேற்கு அமெரிக்கக் கரையோரம் வாழும் ஓர்க்காக் கூட்டங்களில் மகனும் மகளும் வாழ்நாள் முழுவதும் தாயோடுதான் இருக்கிறார்கள். பாட்டி முன்செல்ல மூன்று, நான்கு தலைமுறைகள் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென்று ஒலிவழக்கு உண்டு. குட்டிகள் அதைத் தாயிடமிருந்து கற்கின்றன. பெண் ஓர்க்காக்கள் குட்டி ஈனும் பருவம் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, பஞ்ச காலத்தில் மீன் கிடைக்கும் இடத்துக்குக் கூட்டத்தை வழிநடத்துகின்றன. 2018-இல் தாலிக்குவா என்று அழைக்கப்படும் பெண் ஓர்க்கா, பிறந்த சிறிது நேரத்தில் இறந்துபோன தன் குட்டியை 17 நாள்கள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரம், தலையாலும் மூக்காலும் தாங்கியே சுமந்து சென்றது. உலகெங்கும் மக்கள் அதைப் பார்த்துக் கலங்கினார்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் காட்சியில் சொல்லப்படவில்லை. சொல்லவும் முடியாது, சொன்னால், இந்த ஓர்க்காவின் தாய் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கான விடையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கையேடு அதைத் தொடவே இல்லை. 1970 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் விரிகுடாவில் படகுகளாலும் வெடிகளாலும் பெருங்கூட்டமாக ஓர்க்காக்களை விரட்டி வலைக்குள் அடைத்து, பூங்காக்களுக்கென்று ஏழு இளம் ஓர்க்காக்களைப் பிரித்தெடுத்தார்கள். வலையில் சிக்கிச் சில குட்டிகள் மூழ்கி இறந்தன. அவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பிக் கடலுக்குள் ஆழ்த்தினார்கள். சில மாதங்கள் கழித்து அந்த உடல்கள் கரை ஒதுங்கியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அன்று பிடிபட்டவற்றுள் ஒன்றுதான் டோகிட்டே. மியாமியில் லொலிட்டா என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்ட பெண் ஓர்க்கா. அதன் தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம். உடனிருந்த ஹியூகோ என்ற ஆண், தலையைத் தொட்டிச் சுவரில் மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டு வாழ்ந்து 1980-இல் இறந்தது. அதன்பின் 43 ஆண்டுகள் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் காணாமலேயே டோகிட்டே இருந்தது. அதைப் பிறந்த கடலுக்குக் கொண்டுபோகப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் அது இறந்துவிட்டது. அறிவிப்புக்கும் சாவுக்கும் இடையே ஐந்து மாதம். பிடிபட்டதற்கும் அறிவிப்புக்கும் இடையே அரை நூற்றாண்டு. இந்தப் பிடிப்புகளால் இளசுகளை இழந்த, அந்தக் கரையோரத்தின் ‘தெற்குக் கூட்டம்’ எனப்படும் ஓர்க்காக்களை அமெரிக்க அரசு 2005-இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்க நேர்ந்தது. பூங்காக்கள் இனப் பாதுகாப்பு செய்வதாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

“எங்களிடம் இருப்பவை கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பிறந்தவை” என்று உங்கள் அறிவிப்பு பெருமையோடு சொல்கிறது. தொட்டியில் பிறந்ததால் அதன் நுரையீரலோ மூளையோ தாய்ப்பாசமோ சுருங்கிவிடுவதில்லை. தொட்டிப் பிறப்புகளின் வரலாறும் பெருமைக்குரியதன்று. 1969-இல் பிடிக்கப்பட்ட கோர்க்கி என்ற பெண் ஓர்க்கா தொட்டியில் பலமுறை கருவுற்றும், அதன் குட்டிகளில் ஒன்றுகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. கனடாவில் கிஸ்கா என்ற ஓர்க்கா ஈன்ற ஐந்து குட்டிகளும் தாய் உயிரோடு இருக்கும்போதே இறந்தன. 2011 முதல் தன்னந்தனியாக இருந்து, 2023 மார்ச்சில் கிஸ்காவும் இறந்தது. உலகிலேயே அதிக அனுபவமும் பணமும் மருத்துவ வசதியும் கொண்டிருந்த சீவேர்ல்டு நிறுவனம் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்திக்கொள்வதாக 2016 மார்ச்சில் அறிவித்தது. அப்போது ஏற்கெனவே கருவில் இருந்து, அந்நிறுவனத்தின் கடைசிக் குட்டியாக 2017 ஏப்ரலில் பிறந்தது, ஜூலையில் நுரையீரல் அழற்சியால் மாண்டது. அவர்கள் கைவிட்டதை நீங்கள் தொடங்கும்போது, அவர்களுக்குத் தெரியாத எதை நீங்கள் கண்டறிந்திருக்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் பயிற்சியாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் அந்த விலங்குகளை உண்மையாகவே நேசிக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தேன்; குளிர்ந்த மீன் வாளியில் கைவிட்டுச் சிவந்துபோன விரல்களோடு, காட்சி முடிந்த பின்னும் அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேசம் அவர்களைக் காப்பாற்றும் என்று நம்பி அவர்களைத் தொட்டி விளிம்பில் நிறுத்துவது நிர்வாகத்தின் முடிவு. கடலில் ஓர்க்கா ஒரு மனிதரைக் கொன்றதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை. தொட்டிகளில் நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். இரண்டு வயதில் ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்ட டிலிக்கும் என்ற ஆண் ஓர்க்கா 1991, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று மரணங்களில் தொடர்புபட்டது. அவர்களில் 2010-இல் இறந்தவர் நெடுநாள் அனுபவமுள்ள பயிற்சியாளர். ஒதுங்கிப்போக இடமில்லாத நிலையில், மூர்க்கத்துக்குக் காரணம் விலங்கின் குணம் என்று எழுதுவது எளிது. கடலில் சண்டை வந்தால் ஒன்று விலகிப்போய்விடும். தொட்டியில் விலகிப்போக எங்கே இடம்?

இனி நீங்கள் சொல்லக்கூடிய ஒரே வலுவான வாதத்துக்கு வருகிறேன். தொட்டியில் பிறந்து வளர்ந்த ஓர்க்காவைத் திடீரென்று கடலில் விட்டால் அது பிழைக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கெய்க்கோ என்ற ஆண் ஓர்க்காவின் கதை எல்லோருக்கும் தெரியும்: 1979-இல் குட்டியாகப் பிடிபட்டு, சின்னஞ்சிறு தொட்டிகளில் வளர்ந்து, 1998-இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, 2002-இல் தானாகவே நார்வே வரை நீந்திச் சென்று, 2003 டிசம்பரில் இறந்தது. கடல் ஓர்க்காக் கூட்டத்தோடு அதனால் முழுமையாகச் சேர முடியவில்லை. மனிதரைத் தேடியே வந்துகொண்டிருந்தது. இதை முழுத் தோல்வி என்பவர்கள் உண்டு. இறுதி ஐந்தாண்டுகளை அது உயிருள்ள கடல்நீரில், அலையையும் மழையையும் மீன்கூட்டத்தையும் அறிந்து கழித்தது என்பதை எளிதாக ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆனால் நாங்கள் கேட்பது விடுவிப்பு அன்று. விரிகுடாவில் வலைத் தடுப்புக்குள் அமைக்கப்படும், உணவும் மருத்துவமும் தொடரும், கைதட்டல் மட்டும் இல்லாத கடல் காப்பகம். ஷாங்காயில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பெலுகாத் திமிங்கிலங்களை 2019-இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். விரிகுடாவுக்கு அவற்றைப் பழக்குவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாகவும் மெதுவாகவும் இருந்தது. அதனால்தான் இன்றே தொடங்குங்கள் என்கிறேன். பிரான்சு 2021-இல் ஓர்க்கா, ஓங்கில் (டால்பின்) காட்சிகளுக்குத் தடைச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் ஓர்க்காக்களை வைத்திருந்த பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டது. மிஞ்சியிருந்த தாயையும் மகனையும் எங்கே அனுப்புவது என்று முடிவாகாமல், வெறிச்சோடிய பூங்காவின் தொட்டியிலேயே அவை மாதக்கணக்காக விடப்பட்டிருந்தன. கடைசி நாள் வரை திட்டமிடாமல் இருந்தால் நேர்வது இதுதான்.

ஆராய்ச்சிக்கு ஓர்க்காக்கள் தொட்டியில் இருந்தாகவேண்டும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1970-களில் மைக்கேல் பிக் என்ற கனடிய அறிவியலாளர் ஒவ்வொரு ஓர்க்காவையும் துடுப்பின் வடிவத்தையும் முதுகுத் திட்டையும் வைத்து ஒளிப்படங்களிலேயே அடையாளம் காண முடியும் என்று காட்டினார். குடும்ப அமைப்பு, ஒலிவழக்கு, பாட்டிகளின் பங்கு என்று நான் மேலே எழுதியவை அனைத்தும் படகிலும் கரையிலும் பொறுமையாக இருந்து அறியப்பட்டவை.

இந்தியா 2013-இல் ஓங்கில் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்தது. கலிஃபோர்னியா 2016-இல் ஓர்க்கா இனப்பெருக்கத்தையும் கேளிக்கைக் காட்சிகளையும் தடை செய்தது. கனடா 2019-இல் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் கேளிக்கைக்காகப் புதிதாக அடைத்துவைப்பதைக் குற்றமாக்கியது. இவற்றுக்குப் பிறகு கட்டப்படும் ஓர்க்கா அரங்கம் எதுவும், நிலைமை தெரியாமல் கட்டப்பட்டது என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன். புதிய அரங்கத்தின் கட்டுமானத்தை நிறுத்துங்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தைக் கடல் காப்பகம் ஒன்றை அமைக்கவோ, அமைத்துக்கொண்டிருப்பவர்களோடு சேரவோ பயன்படுத்துங்கள். இனப்பெருக்கத்தை இந்தத் தலைமுறையோடு முடித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவியுங்கள்; கடலிலிருந்தோ வேறு பூங்காக்களிலிருந்தோ புதிதாக ஓர்க்காக்களைக் கொண்டுவராதீர்கள், இருப்பவற்றை வேறு காட்சியகங்களுக்கு விற்கவோ இரவல் தரவோ செய்யாதீர்கள்; தாயையும் குட்டியையும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். இசைக்கும் கைதட்டலுக்கும் ஏற்பத் துள்ளவைக்கும் காட்சியை நிறுத்திவிட்டு, அவற்றின் உணவு எந்த வித்தையோடும் பிணைக்கப்படாதிருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பூங்கா தொடங்கிய நாள்முதல் பிறந்தவை, இறந்தே பிறந்தவை, இறந்தவை ஆகியவற்றின் பதிவேட்டையும், பற்களுக்கும் மற்ற நோய்களுக்கும் செய்த சிகிச்சையின் விவரத்தையும் வெளியிடுங்கள். உங்களிடம் ஊதியம் பெறாத கடல்விலங்கு மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து பார்வையிட அனுமதியுங்கள். உங்கள் பராமரிப்பு நீங்கள் சொல்வதுபோலவே சிறந்தது என்றால் இந்த ஒரு கோரிக்கையில் உங்களுக்கு இழப்பு எதுவும் இருக்காது.

மாணவர் கையேட்டில் துடுப்பைப் பற்றியும் பற்களைப் பற்றியும் உள்ள பகுதிகளைத் திருத்தி, ஏற்கெனவே அதைப் பெற்ற பள்ளிகள் அனைத்துக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். அது நடக்கும்வரை எங்கள் பள்ளியிலிருந்து எந்த வகுப்பும் உங்கள் பூங்காவுக்கு வராது என்று எங்கள் ஆசிரியர் குழு முடிவெடுத்திருக்கிறது. மற்றப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களுக்கும் இம்மடலின் நகலை அனுப்பியிருக்கிறேன். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், இங்கே கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று நிர்வாகக் குழுவின் கையொப்பத்தோடு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்